கம்பி வலைக்குப் பின்னால் யாரும் இல்லை

போர்ட் புரூடன்ஸ் சட்டமன்றத்தில் பெண்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். ஆனால் அங்கே இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரச் சாதிப்பதற்காக மன்றத்தின் முன்னோர்கள் வெகுகாலம் யோசித்து, சபாநாயகரின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி ஒரு மாடம் கட்டினார்கள். அதன் முன்புறம் கனத்த பித்தளைக் கம்பி வலை அடித்தார்கள். வலைக்குப் பின்னால் இருப்பவர்கள் மன்றத்துக்குள் இல்லை என்று விதிப்புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகச் செத்துப்போனார்கள்.

அந்த விதியை எங்கள் மன்றம் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றி வந்தது. கணப்புக்குக் கரி, மன்றத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் என்பதால் குளிர்காலத்தில் மாடத்துக்குக் கணப்பு கிடையாது. மாடத்துக் கூரை ஒழுகியபோது, மன்றத்துக்குள் மழை பெய்ததாகத் தகவல் இல்லை என்று மராமத்து இலாகா பதில் எழுதியது. ஒருமுறை ஒரு பாதிரியாரின் மனைவி புழுக்கம் தாங்காமல் மயங்கி விழுந்தாள். மன்றத்து டாக்டர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அங்கே இல்லாத ஒருவருக்கு நாடி பார்க்கத் தமக்கு அதிகாரம் இல்லையே என்று மெய்யாகவே வருத்தப்பட்டு, பிஸ்கட் சாப்பிடப் போய்விட்டார்.

அந்த மாடத்துக்குத்தான் ஹெஸ்டர் டிரெலோர் தொப்பி பார்க்க வந்தாள்.

'துறைமுகக் கொடி' பத்திரிகையில் வாரத்துக்கு ஒரு பக்கம் அவளுடையது. பெயர் மட்டும் அவளுடையதல்ல. பக்கத்தின் தலையில் 'மார்மலேட் அத்தை' என்றிருக்கும். ஆரஞ்சுத் தோலைக் கசப்பெடுத்து வேகவைப்பது, கம்பளியில் அந்துப்பூச்சி அண்டாமல் காப்பது, மந்திரி வீட்டு விருந்தில் யார் என்ன தொப்பி அணிந்திருந்தார்கள் என்பது, இவை அவள் எழுத அனுமதிக்கப்பட்ட உலக விவகாரங்கள். சுருக்கெழுத்தில் ஊரில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனாலும் நிருபர்கள் வரிசையில் இடம் கேட்டு அவள் விண்ணப்பித்தபோது, பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தால் நிருபர்களின் தூக்கம் கெடும் என்று சபாநாயகர் மறுத்துவிட்டார். அதில் உண்மை இருந்தது. அரசியல் நிருபர் பிம் மன்றத்தில் தூங்குகிற அழகைப் பார்க்கவே கூட்டம் வரும்.

ஹெஸ்டர் கடலில் கணவனைப் பறிகொடுத்தவள். வீடு அவளுடையது. வரி கட்டுவது அவள். ஆனால் அந்த வீட்டின் வோட்டு மாடியறையில் குடியிருக்கும் ஸ்னெல் என்பவருடையது. ஸ்னெல்லுக்கு ரம் கிடைத்த நாள், கிடைக்காத நாள் என்று இரண்டே கிழமைகள்தான் தெரியும். தேர்தல் அன்று ஹெஸ்டர்தான் அவரை எழுப்பி, மூஞ்சியில் தண்ணீர் அடித்து, பூட்ஸ் மாட்டி, வாக்குச்சாவடிக்கு அனுப்பிவைப்பாள். வாசல் தாண்டும்போது, "இன்னிக்கு யாருக்கும்மா கல்யாணம்?" என்று கேட்பார். திரும்பி வந்ததும், நல்ல மீசை வைத்தவருக்குப் போட்டதாகச் சொல்வார். ஹெஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அடுத்த தேர்தலில் தன் காலில் தானே பூட்ஸ் மாட்டிக்கொண்டு போக வேண்டும்.

பெண்களுக்கு வோட்டுத் தரும் அந்த மசோதாதான் அன்று மன்றத்துக்கு வந்தது. அது ஏற்கெனவே இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் அற்பாயுசில் போனது. இத்தனைக்கும் எங்கள் காலனியில் அதை எதிர்த்த உறுப்பினர் ஒரே ஒருவர்தான். சாராய ஆலைகளும் குடிக்கடைகளும் நிறைந்த பழைய துறைமுகத் தொகுதியின் ஏபல் டன்ஸ்டன். பெண்கள் வோட்டுப் போட்டால் முதலில் குடிக்கடைகளைத்தான் மூடுவார்கள் என்று கடைக்காரர்களுக்கு நடுக்கம்; அவர்களுடைய நடுக்கம்தான் டன்ஸ்டனின் கொள்கை. மற்ற எல்லாரும் தேநீர் விருந்துக்கு விருந்து, நெஞ்சில் கை வைத்து ஆதரவு தெரிவித்தவர்கள்.

"எல்லாரும் ஆதரவு, ஆனா மசோதா மட்டும் செத்துப்போகுது. இது என்ன வியாதின்னு எந்த டாக்டரைக் கேக்கறது?" என்றாள் ஊனா மெக்காரிட்டி. பெண்கள் வாக்குரிமைக்காக 'விடிவெள்ளி' என்று வாரப் பத்திரிகை நடத்துபவள் அவள். தானே எழுதி, தானே அச்சுக்கோத்து, தானே தெருவில் கூவி விற்பாள். நாக்கில் கத்தி வைத்திருந்தாள்.

மன்றத்து வாசலில் வாயில்காப்போர் டிக்கிள் இருவரையும் மறித்தார்.

"உள்ள வராதீங்கம்மா. மேல போய் உக்காருங்க."

"மேல போனா உள்ளதானே இருப்போம்?" என்றாள் ஹெஸ்டர்.

"அதான் இல்ல. இந்தப் படி ஏற ஏற நீங்க வெளிய போய்க்கிட்டே இருக்கீங்க. மேல போய்ச் சேந்தீங்கன்னா சுத்தமா வெளிய வந்துடுவீங்க."

"அப்ப தெருவுலயே நின்னா?"

"அது பக்கத்துல. மேலதான் ரொம்ப தூரம்," என்றார் டிக்கிள், முப்பது வருஷ அனுபவத்தோடு.

அவர்கள் ஏறிப்போய் வலையில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். கீழே வழுக்கைத் தலைகள்தான் தெரிந்தன. மந்திரி மனைவிகள் யாரும் வரவில்லை. தொப்பி இல்லாமல் பக்கத்தை எப்படி நிரப்புவது என்று ஹெஸ்டர் கவலையில் ஆழ்ந்திருந்தபோது, முதல்மந்திரி லவிபாண்ட் எழுந்தார்.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே! பெண் இல்லையேல் வீடில்லை, வீடில்லையேல் நாடில்லை, நாடில்லையேல் நாமில்லை. இந்த மசோதா என் இதயத்தின் ஒரு துண்டு. அதை இன்று இந்த மன்றத்தின் முன் வைக்கிறேன்." நிருபர்கள் வரிசையில் பிம் கண்ணைத் திறக்காமலே இதை எழுதிக்கொண்டார். முதல்மந்திரி தொண்டையைச் செருமினார். "மேலும், இங்கே அந்நியர்கள் இருப்பதைக் காண்கிறேன்."

எங்கள் மன்றத்தில் யாராவது ஒரு உறுப்பினர் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் போதும். பொதுஜனம், நிருபர்கள், மையூற்றுகிறவர், ஜன்னல் துடைப்பவர், எல்லாரும் வெளியேற வேண்டும். அதன்பின் பேசப்படுவது குறிப்பில் ஏறாது, பத்திரிகையில் வராது. டிக்கிள் எல்லாரையும் ஓட்டினார். பிம்மைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஊனா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். படியேறி வந்த டிக்கிள் பதறிவிட்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அந்நியர்லாம் போகணும்னாங்களே?"

"அது உள்ள இருக்கறவங்களுக்கு. நீங்கதான் இல்லையே! இல்லாதவங்கள வெளியேத்தினேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும். புள்ளகுட்டிக்காரன் நான். தயவுபண்ணி உக்காருங்க." அந்நியர் யாரும் நுழைந்துவிடாதபடி மாடத்துக் கதவை வெளியே பூட்டிக்கொண்டும் போனார்.

ஹெஸ்டருக்குத் தலை சுற்றியது. ஆனால் கை தன்பாட்டில் பென்சிலைத் தேடியது.

கீழே, கதவு சாத்தியதும் மன்றம் ஒரு பெருமூச்சு விட்டது. முதல்மந்திரி பூட்ஸைக் கழற்றி மேஜைமேல் காலை நீட்டினார். அவருடைய பேச்சு நடையும் மாறிவிட்டது.

"அப்பாடா! சாத்தியாச்சா? சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தச் சனியனைப் புதைக்கணும். ஆனா நாம புதைச்சதா தெரியக் கூடாது. சாக்கடைக் கமிட்டிக்கு அனுப்பிடுவோம். அங்க போனது எதுவும் திரும்பி வந்ததில்ல. வாக்கெடுப்பு கிடையாது, யார் பேரும் வெளிய வராது. அவங்கவங்க வீட்டுக்குப் போய், 'நான் எவ்வளவோ போராடினேன் கண்ணு'ன்னு சொல்லிக்கலாம்."

"ஏன்யா, கொடுத்துத்தான் தொலைச்சா என்ன?" என்றது ஒரு குரல்.

"நல்லா கேட்டீங்க!" என்றார் முதல்மந்திரி. "வோட்டு வாங்கித் தர்றேன், வாங்கித் தர்றேன்னு சொல்லியே மூணு வருஷமா எங்க வீட்ல சூடா சாப்பிடறேன். வாங்கிக் கொடுத்துட்டா அப்புறம் எதைச் சொல்லிச் சாப்பிடறது?"

மன்றம் மேஜையைத் தட்டியது. அடுத்து ஆட்டுப்பண்ணைத் தொகுதியின் ஆர்மராட் எழுந்தார். "என் தொகுதியில ஆளைவிட ஆடு ஜாஸ்தி. ஆட்டுக்கும் சேர்த்துத்தான் நான் பேசறேன். எந்த ஆடாவது வோட்டு கேட்டுச்சா? முடி வெட்டறப்பகூட சும்மாதான் நிக்குது."

பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் கௌரவத் தலைவரான ஃபேன்ஷா தழுதழுத்தார். "வருஷா வருஷம் சங்கத்துல எனக்குப் பாராட்டு வெச்சு, இவ்வளவு உசரத்துக்குப் பழ கேக் தர்றாங்க. மசோதா பாஸாச்சுன்னா சங்கத்தைக் கலைச்சிடுவாங்க. இருவது வருஷம் உழைச்சவன் நான். என் கேக்குக்கு யார் பொறுப்பு?"

ஊனா சிரிப்பை அடக்கக் கையுறையை வாயில் திணித்துக்கொண்டாள். ஹெஸ்டர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தாள். தொப்பி வரைவதற்காகக் கொண்டுவந்த தாளெல்லாம் நிரம்பின.

கடைசியில் டன்ஸ்டன் எழுந்தார். சங்கத்துப் பெண்கள் கொடும்பாவி கொளுத்துவது அவரைத்தான். பெரிய உடம்பு, கையில் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார்.

"கதவு சாத்தியிருக்கறதால சொல்றேன். பெண்களுக்கு அரசியல் புரியாதுன்னு போன மாசம் பேசினேன்ல? எழுந்து நின்னு கை தட்டினீங்களே? அது டார்கஸ் எழுதினது. என் சம்சாரம். பன்னெண்டு வருஷமா என் பேச்செல்லாம் அவதான் எழுதறா. கடைக்காரங்களுக்கு எது பிடிக்கும்னு அவளுக்கு அத்துப்படி. பெண்களுக்கு யோசிக்கத் தெரியாதுங்கறதுக்கு ஏழு காரணம் யோசிச்சு எழுதியிருந்தா. எனக்கு ஒண்ணுகூடத் தோணலை. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை. கொடுத்துடுவோம்யா. வெளிய என்னால சொல்ல முடியாது. உள்ளேயாவது சொல்றேன். கொடுத்துடுவோம்."

யாரோ கனைத்தார்கள். மசோதா சாக்கடைக் கமிட்டிக்குப் போயிற்று. ஹெஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. சாக்கடைக்குப் போனதற்காக அல்ல. தனக்காக அந்த மன்றத்தில் ஒரு மனுஷன் பேசிக் கேட்டது அவளுக்கு அதுவே முதல் தடவை.

ஆசிரியர் ஸ்கெரிட் அவள் எழுதியதைப் படித்துவிட்டு நாற்காலியில் புரண்டு புரண்டு சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போட முடியாதும்மா. அரசியல் பக்கம் பிம்மோடது. பிம் அங்க இல்ல."

"நானும்தான் இல்ல."

"சரிதான். அப்ப அரசியல் பக்கத்துல போட முடியாது." தாடியைச் சொறிந்தார். "உங்க பக்கத்துல போட்டுடறேன். அதை எந்த ஆம்பிளையும் படிக்க மாட்டான். அது பத்திரம்."

"அவங்க வீட்டுப் பொம்பளைங்க படிப்பாங்களே?"

"அதுவும் சரிதான்," என்று மறுபடி சிரிக்க ஆரம்பித்தார் ஸ்கெரிட்.

"ஒரு விஷயம். மார்மலேட் அத்தைன்னு போட வேண்டாம். என் பேரைப் போடுங்க."

"அத்தைமேல யாரும் வழக்குப் போட மாட்டாங்க. உங்கமேல போடுவாங்க."

"அதனாலதான் சொல்றேன். ரெண்டு காதாலயும் கேட்டு எழுதியிருக்கேன். என் பேர்ல வரட்டும்."

வந்தது. மேலே எலுமிச்சைப் பாகு, கீழே வெல்வெட்டில் மெழுகுக் கறை போக்கும் முறை, நடுவே காலனியின் அரசியல் முழுசும். காலையில் பத்திரிகை வீடுகளுக்குள் போனது. மத்தியானம் எங்கள் ஊரில் பூகம்பம். முதல்மந்திரிக்குப் பச்சைத் தண்ணீரும் முந்தாநாள் ஆட்டுக்கறியும் பரிமாறப்பட்டன. ஆர்மராட் வீட்டில் அவருடைய மூன்று பெண்களும் எதைக் கேட்டாலும் 'மே' என்றே பதில் சொன்னார்கள். ஃபேன்ஷா வீட்டுக்குச் சங்கத்து நிர்வாகிகள் ஊர்வலமாகப் போய், போன வருஷத்து கேக் தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பழைய துறைமுகத்தில் கடைக்காரர்கள் டன்ஸ்டனைச் சூழ்ந்துகொண்டு, "பொம்பளைக்கு ஆதரவாவா பேசினீரு?" என்று கேட்டார்கள். எல்லா உறுப்பினர்களும் ஒரே குரலில் சொன்னார்கள்: அவ்வளவும் கட்டுக்கதை.

மன்றம் ஹெஸ்டரை விசாரணைக்கு அழைத்தது. அங்கேதான் வந்தது வினை. குற்றவாளி மன்றத்தின் நடுவே நிற்க வேண்டும்; பெண் மன்றத்துக்குள் கால் வைக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க விவாதித்து, அவள் மாடத்திலிருந்தே பதில் சொல்லலாம் என்று முடிவானது. மாடத்திலிருந்து வரும் குரல் மன்றத்துக்குக் கேட்கக் கூடாதென்பதால், அவள் டிக்கிளின் காதில் சொல்வாள். டிக்கிள் இறங்கி ஓடிவந்து சபாநாயகரிடம் சொல்வார். கிழவர் நாக்குத் தள்ளிப்போனார்.

சபாநாயகர் சர் அகஸ்டஸ் பாம்ஃப்ரெட் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மேலே பார்த்தார்.

"அந்த மாடத்தில் யாரும் இல்லை. அங்கே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்மணி இதை நன்றாகக் கவனித்துக்கொள்ள வேண்டும். ரகசிய அமர்வன்று அவர் இங்கே இருந்தாரா?"

டிக்கிள் ஏறினார், இறங்கினார். "இருந்தாங்களாம், ஐயா."

மன்றம் ஹோவென்று கத்தியது. அப்போது எழுத்தர் எழுந்துபோய் சபாநாயகரின் காதில் ஏதோ ஓதினார். சபாநாயகரின் முகம் மாவு பூசியதுபோல வெளுத்தது. மாடம் மன்றத்துக்குள் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், முப்பது வருஷத்து ரகசிய அமர்வுகள் ஒன்றுகூட ரகசியம் இல்லை. எல்லாவற்றிலும் யாராவது ஒரு பெண் மேலே உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். அவற்றில் நிறைவேறியதெல்லாம் செல்லாது, உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே கூட்டிக்கொண்ட சம்பளப் படி உட்பட.

சபாநாயகர் எழுந்து நின்றார். "மன்றம் தன் மனச்சாட்சியைக் கலந்தாலோசித்தது. மாடம் மன்றத்துக்கு வெளியே இருக்கிறது, என்றும் இருக்கும். ஆகவே அந்தப் பெண்மணி இங்கே இல்லை. இல்லாதவருக்குக் கேட்டிருக்க முடியாது. கேட்காததை எழுதியதால் அவர் பொய்யர். தமது பத்திரிகையிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும், தவறினால் சிறை. எங்கே இருந்து பொய் சொன்னார் என்ற கேள்வி எழவில்லை."

"ஜெயிலுக்குப் போடி!" என்றாள் ஊனா, தெருவுக்கு வந்ததும். "மேளதாளத்தோட கூட்டிக்கிட்டுப் போறேன். ஊரே திரளும்."

"ஊர்வலம் வரும். வோட்டு வருமா?"

"மன்னிப்புக் கேட்டா மட்டும் வருமா? எழுதினது அத்தனையும் நெசம். நீயே பொய்யின்னு சொல்லிட்டா, அப்புறம் எந்தப் பொம்பளை எழுதறதை எவன் நம்புவான்?"

ஹெஸ்டருக்குச் சுருக்கென்றது. வான்கோழி இறகை வாத்து இறகு என்று ஒருமுறை எழுதியதற்கே மூன்று நாள் தூங்காதவள் அவள். மேஜையில் உட்கார்ந்து 'மன்னிப்பு' என்று தலைப்பு எழுதியபோது கை கூசியது. முதன்முதலாகத் தன் பெயரில் வந்த எழுத்து. அதைத் தானே பொய்யென்று சொல்ல வேண்டும். அழுகை வந்தது, கோபம் வந்தது, கடைசியில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தாள்.

"முதல்மந்திரி லவிபாண்ட், பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்துவிட்டால் தமக்குச் சூடான சாப்பாடு கிடைக்காது என்று கூறியதாக எழுதிவிட்டேன். அவர் அப்படிக் கூறவில்லையாம். ஆகவே அவர் மசோதாவை மனமார ஆதரிக்கிறார். மன்னிக்கவும். திரு. ஆர்மராட் பெண்களை ஆடுகளோடு ஒப்பிட்டதாக எழுதிவிட்டேன். ஒப்பிடவில்லையாம். ஆகவே அவரும் ஆதரிக்கிறார். மன்னிக்கவும்." இப்படியே ஒருவர் விடாமல், சொன்னது முழுவதையும் மறுபடி எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டாள். திரு. டன்ஸ்டன் மசோதாவை ஆதரித்துப் பேசியதாக எழுதியதற்கும் கேட்டாள். எதையும் விட்டுவிடாமல் எழுதுவது அவளுக்குக் கைவந்த பழக்கம். முடிவில் சேர்த்தாள்: "மாண்புமிகு உறுப்பினர்கள் மசோதாவைச் சாக்கடையிலிருந்து எடுத்து, பகிரங்கமாக வாக்களித்து, நான் பொய்க்காரி என்பதை நிரூபிக்க வேண்டுகிறேன். எவர் விஷயத்தில் நிரூபணமாகவில்லையோ, அவர் விஷயத்தில் மட்டும் நான் எழுதியது நிஜம் என்று வாசகர்கள் கொள்ளலாம்."

ஊனா அதைப் படித்தாள். குடையைக் கீழே போட்டுவிட்டு ஹெஸ்டரை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "அடிப்பாவி! ஜாம் கிண்டறவன்னு நினைச்சேனே!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முயன்றவர்கள் இப்போது அதை முழுங்கியே ஆக வேண்டியிருந்தது. வியாழக்கிழமை மன்றம் கூடியது. தெருவெல்லாம் பெண்கள். மாடத்தில் மூச்சுவிட இடமில்லை. ஹெஸ்டருக்குப் பக்கத்தில், கருநீல உடுப்பில் கெச்சலான ஒரு பெண் மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள்.

முதல்மந்திரி மசோதாவை அறிமுகப்படுத்தி, அது தம் இதயத்தின் ஒரு துண்டு என்று மறுபடியும் சொன்னார். ஃபேன்ஷா கண்ணீரோடு ஆதரித்தார். பிறகு டன்ஸ்டன் எழுந்தார்.

அன்றைக்கு மிக நல்ல பேச்சு அவருடையதுதான். கடைக்காரர்கள் எதிரே பொதுஜன வரிசையில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்க, பெண்களுக்கு ஏன் வாக்குரிமை கூடாது என்று கோர்வையாக, எடுப்பாக, நகைச்சுவையோடு பேசினார். பக்கத்துப் பெண்ணின் உதடுகள் அசைவதை ஹெஸ்டர் கவனித்தாள். கீழே அவர் சொல்வதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அங்க கொஞ்சம் நிறுத்தணும்," என்று அவள் பல்லைக் கடித்தாள். "எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தேன்! நல்ல நையாண்டியை வீணடிச்சிட்டார்."

"நீங்க டார்கஸ் டன்ஸ்டனா?" ஹெஸ்டர் கிசுகிசுத்தாள். "இதை நீங்களா எழுதினீங்க? இன்னிக்கா?"

"வேற என்னம்மா செய்யறது? அவர் ஆதரவா பேசினதா நீங்க எழுதிட்டீங்க. அது பொய்யின்னு நீங்களே மன்னிப்பும் கேட்டுட்டீங்க. மத்தவங்க பொய்யின்னு நிரூபிக்க ஆமாம்னு சொல்லணும்; இவர் நிரூபிக்கணும்னா வேண்டாம்னுதான் சொல்லியாகணும். கடைக்காரங்க பீப்பாயை உருட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னுட்டாங்க." டார்கஸ் வலை வழியே கணவரின் வழுக்கையைப் பார்த்தாள். "பாவம், காலையில சாப்பிடலை மனுஷன்."

ஹெஸ்டர் தன் மன்னிப்பில் ஒரே ஒரு பெயரை விட்டிருக்கலாம். அவளுக்கு அது தோன்றவே இல்லை.

ஆதரிப்பவர்கள் வலப்பக்கம், எதிர்ப்பவர்கள் இடப்பக்கம் என்று சபாநாயகர் அறிவித்தார். அவ்வளவுதான். தான் முந்தி, நீ முந்தி என்று மன்றம் வலப்பக்கம் பாய்ந்தது. பெஞ்சு கவிழ்ந்தது. மைக்கூடு பறந்தது. ஆர்மராட் எவர் காலிலோ இடறி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே "ஆதரிக்கிறேன்! பாத்துக்கோங்க, ஆதரிக்கிறேன்!" என்று மாடத்தைப் பார்த்துக் கையாட்டினார். யாரும் இல்லாத மாடத்தை நோக்கி அத்தனை பேரும் கையாட்டினார்கள். பெண்களுக்கு வோட்டுக் கூடாது என்று மனதார நம்பிய ஒவ்வொருவரும் வோட்டுக் கொடுக்க முண்டியடித்தார்கள். கொடுக்க வேண்டும் என்று நினைத்த ஒரே மனுஷன் இடப்பக்கம், தொப்பியைத் திருகிக்கொண்டு, தன்னந்தனியாக நின்றார்.

மசோதா நிறைவேறியது. "இதன்மூலம், ஒரு பொய்க்காரியின் அவதூறு தவிடுபொடியானது," என்றார் சபாநாயகர். "இந்த மன்றம் யாருடைய வற்புறுத்தலும் இன்றி, தன் சொந்தப் பெருந்தன்மையால்..." மிச்சம் கேட்கவில்லை. மாடத்தில் பெண்கள் தொப்பிகளைத் தூக்கி எறிந்து கூத்தாடிக்கொண்டிருந்தார்கள். ஊனா டிக்கிளைப் பிடித்து நடனமாட இழுத்தாள். இல்லாதவர்களோடு ஆடக் கூடாதென்று விதியில் எங்கும் எழுதவில்லை என்பதை யோசித்து உறுதிசெய்துகொண்டு அவரும் ஆடினார்.

வெளியே படிக்கட்டில் டன்ஸ்டன்மேல் அழுகின தக்காளி விழுந்துகொண்டிருந்தது. ஹெஸ்டர் குறுக்கே போய் நின்றாள். அவர் காலரைத் துடைத்துக்கொண்டே, "பரவாயில்லம்மா. எப்படியோ கிடைச்சிட்டது. நீங்க சரியாத்தான் எழுதினீங்க," என்றார். அதைச் சொன்ன ஒரே உறுப்பினரும் அவர்தான். தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஹெஸ்டர் அழுதாள்.

தேர்தல் வந்தது. 'ஒரே எதிரியை ஒழிப்போம்!' என்று ஊனா சுவர் விடாமல் ஒட்டினாள். டன்ஸ்டனை எதிர்த்து முதல்மந்திரியின் மச்சான் நின்றார். தாம் பிறந்ததிலிருந்தே பெண்ணுரிமைக்காகப் பாடுபடுவதாகச் சொல்லிக்கொண்டார். ஹெஸ்டரின் வீடு பழைய துறைமுகத் தொகுதியில். வாயைத் திறந்து டன்ஸ்டனைப் பற்றிய உண்மையைச் சொல்ல அவளுக்கு வழியில்லை. பொய் என்று அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அன்று காலையில் ஸ்னெல்லைத் தூங்கவிட்டுவிட்டு, தன் பூட்ஸை மாட்டிக்கொண்டு அவள் போனாள். எங்கள் காலனியில் வேண்டியவர் பெயருக்கு நேரே குறி போடுவதில்லை. வேண்டாதவர் பெயரை அடிக்க வேண்டும். மறைப்புக்குள் நின்று சீட்டை விரித்தாள். இதற்காகத்தான் இத்தனை வருஷம். மச்சானின் பெயரை ஒரே கோடாக அடித்தாள். அவளுக்கு வோட்டுக் கூடாது என்று வாக்களித்த ஒரே மனிதருக்குத் தன் முதல் வோட்டைப் போட்டுவிட்டு, நெஞ்சு நிமிர்ந்து வெளியே வந்தாள்.

வாசலில் டார்கஸ் டன்ஸ்டன் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். அவளும் அப்போதுதான் போட்டுவிட்டு வந்திருந்தாள். ஹெஸ்டர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தாள்.

"உங்க வீட்டுக்காரருக்குத்தான் போட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"அடக் கடவுளே!" டார்கஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நான் இப்பதான் அவர் பேரை அடிச்சிட்டு வர்றேன். என் வோட்டைக் கெடுத்துட்டீங்களே!"

"நீங்களா? ஏன்?"

"அவர் தோத்தாத்தானேம்மா அடுத்த தடவை நான் நிக்க முடியும்?" என்றாள் டார்கஸ். "பேச்செல்லாம் எழுதி வெச்சிருக்கேன். இந்தத் தடவை எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தப்போறேன்."